இசபெல் வில்கர்சன் இதழியலை விட்டு விலகினாரா, அதன் எல்லையை விரித்தாரா?

பனையோலை எழுதியது:

அமெரிக்க எழுத்தாளர் இசபெல் வில்கர்சன் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும், அமெரிக்க இனப் பாகுபாட்டைச் சாதியமைப்பாக விளக்கி 2020இல் வெளிவந்த 'காஸ்ட்' நூலில் தொடங்கி அந்நூலிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே நாளிதழ்ச் செய்தியாளராகவும், பெரியதொரு வரலாற்று நூலின் ஆசிரியராகவும், பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் அவர் கடந்து வந்த பாதை நீளமானது. அந்தப் பாதை முழுவதையும் வைத்து விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1961இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர் அவர். தாய் ஜார்ஜியா மாநிலத்திலிருந்தும் தந்தை வர்ஜீனியாவின் தென்பகுதியிலிருந்தும் தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தை இரண்டாம் உலகப் போரில் கறுப்பின விமானிகளைக் கொண்ட டஸ்கிகீ படைப்பிரிவில் பணியாற்றியவர். போருக்குப் பின் கட்டுமானப் பொறியாளரானார். மகள் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, அங்குள்ள மாணவர் இதழான 'தி ஹில்டாப்'பின் ஆசிரியராக இருந்து, பின்னர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் சேர்ந்து, 1990களின் தொடக்கத்தில் அதன் சிகாகோ செய்திப் பிரிவுக்குத் தலைமையேற்றார். 1994இல் சிறப்புக் கட்டுரைப் பிரிவில் புலிட்சர் பரிசு கிடைத்தது. இதழியலுக்கான புலிட்சரைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். (புலிட்சர் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்றே சில இடங்களில் எழுதப்படுகிறது, அது தவறு. கவிதைக்காக குவென்டலின் புரூக்ஸ் 1950இலேயே அப்பரிசைப் பெற்றுவிட்டார்.)

பரிசு கிடைத்து ஓராண்டோ ஈராண்டோ கழிந்த பின் பெரும்பாலான செய்தியாளர்கள் ஆசிரியர் குழுவின் உயர் நாற்காலியை நோக்கி நகர்வார்கள். இவரோ ஒரே நூலுக்காகப் பதினைந்து ஆண்டுகளைச் செலவிட்டார். அந்த முடிவை அவர் இதழியலை விட்டு விலகியதாகக் கொள்வதா, அன்றி நாளிதழ் தர மறுத்த இடத்தைத் தேடிச் சென்றதாகக் கொள்வதா என்பதே என் கேள்வி. எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது.

மெய்ப்பு எழுதியது:

பனையோலை அவர்களின் கேள்விக்கு விடை, பரிசு பெற்ற கட்டுரைகளிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவற்றுள் இரண்டு, 1993இல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியை மூழ்கடித்த பெருவெள்ளம் பற்றியவை. மற்றொன்று, சிகாகோவின் தென்பகுதியில் தன் தம்பி தங்கையரைத் தானே வளர்க்க வேண்டிய நிலையில் இருந்த பத்து வயதுச் சிறுவனைப் பற்றியது. வெள்ளச் செய்தியை எந்தத் திறமையான நிருபரும் ஓரளவுக்கு எழுதிவிடலாம். சிறுவனைப் பற்றிய கட்டுரை அப்படிப்பட்டதன்று. ஒரு குடும்பத்தின் காலைப் பொழுது எவ்வாறு நகர்கிறது, யார் யாருக்குச் சட்டை மாட்டிவிடுகிறார்கள், யார் யாரை வழியில் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார்கள் என்பதையெல்லாம் அருகிலிருந்து பல நாட்கள் பார்த்தால் மட்டுமே அப்படி எழுத முடியும். ஏழ்மை பற்றிய புள்ளிவிவரம் சொல்லித் தர முடியாத ஒன்றை, ஒரு குழந்தையின் அன்றாடப் பொறுப்புகளின் வரிசையே சொல்லிவிடுகிறது.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, அவர் அந்தக் குடும்பத்தை அத்தோடு விட்டுவிடவில்லை என்பதுதான். 2005இல் அதே நாளிதழ் வர்க்கம் குறித்து வெளியிட்ட தொடரில், அச்சிறுவனின் தாய் செவிலியராகப் படித்துத் தேறி மேலே வந்த கதையை எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியாளர் அதே கதவைத் தட்டுவது செய்தியறைகளில் அரிது. அதற்கு இடம் கொடுக்கும் ஆசிரியர் குழுவும் அரிது. செய்தி வெளியானதும் அந்த மனிதர் முடிந்துபோன செய்தியாகிவிடுகிறார் என்பது எங்கள் தொழிலின் சொல்லப்படாத விதி. அந்த விதிக்கு உடன்படாதவர் ஏற்கெனவே பாதி நூலாசிரியர்தான். நாளிதழில் அவருக்குக் கிடைக்காமல் போனது திறமைக்கான அங்கீகாரமோ பதவியோ அல்ல, காலம் மட்டுமே.

தொலைநோக்கி எழுதியது:

அந்தக் காலம் என்ன விளைவைத் தந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 2010இல் வெளியான 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்' நூலின் பொருள், ஏறத்தாழ 1915 முதல் 1970 வரை அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வடக்கிற்கும் மேற்கிற்கும் குடிபெயர்ந்த நிகழ்வு. இந்தப் பெயர்வு தொடங்கியபோது கறுப்பின மக்களில் பத்தில் ஒன்பது பேர் தெற்கில் வாழ்ந்தனர். முடிந்தபோது ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியே இருந்தனர். 1910இல் சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 44,103 மட்டுமே. பெயர்வு ஓய்ந்த காலத்தில் அது பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. தலைவர் இல்லை, அறிக்கை இல்லை, தொடங்கிய நாள் என்று ஒன்றும் இல்லை. ஆகவேதான் நாளிதழ்கள் அதை ஒரு நிகழ்வாகக் காணத் தவறின. போராட்டமும் கலவரமும் முதல் பக்கத்திற்கு வரும். புலரும் முன்னே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரயில் நிலையத்திற்கு நடக்கும் குடும்பம் வராது.

வில்கர்சன் 1,200க்கும் மேற்பட்டோரைச் சந்தித்துப் பேசினார். தேவாலயங்கள், முதியோர் மையங்கள், தொழிற்சங்கக் கூட்டங்கள், பழைய மாணவர் சந்திப்புகள் என்று முதியவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் தேடி, இறுதியில் மூவரைத் தேர்ந்தெடுத்தார். மிசிசிப்பியில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஐடா மே கிளாட்னி, களவு போனதாகச் சொல்லப்பட்ட வான்கோழிகளுக்காகக் கணவரின் உறவினர் குற்றமேதும் செய்யாமலேயே அடித்து நொறுக்கப்பட்டதைக் கண்டு, 1937இல் குடும்பத்தோடு வெளியேறி இறுதியில் சிகாகோ சேர்ந்தவர். புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் கூலி உயர்வுக்காகப் பழம் பறிப்பவர்களைத் திரட்டிய ஜார்ஜ் ஸ்டார்லிங், உயிருக்கு ஆபத்து நெருங்கியதால் 1945இல் நியூயார்க்கிற்கு ஓடியவர். லூசியானாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ராபர்ட் ஃபாஸ்டர், இராணுவத்தில் அறுவை செய்த கைகளுக்குச் சொந்த ஊர் மருத்துவமனையில் இடமில்லை என்ற நிலையில் 1953இல் லாஸ் ஏஞ்சலஸ் நோக்கிக் காரோட்டிச் சென்றவர்.

மூவரும் வேறு வேறு பத்தாண்டு, வேறு வேறு வழித்தடம், வேறு வேறு வர்க்கம். கதையின் இன்பத்திற்காக மட்டும் செய்யப்பட்ட தேர்வாக எனக்கு இது தோன்றவில்லை. மூன்று பெரும் இரயில், சாலைத் தடங்களையும் ஒரே நூலில் அடக்குவதற்கான வரலாற்றாசிரியரின் கணக்கு அதற்குள் இருக்கிறது. ஸ்டார்லிங் பிற்காலத்தில் அதே வடக்கு-தெற்கு இரயில்களிலேயே பணியாளராக இருந்து, தமக்குப் பின்னால் வந்து இறங்கியவர்களின் மூட்டைகளை ஆண்டுக்கணக்கில் தூக்கிக் கொடுத்தார் என்பது, எந்தப் புனைகதையாசிரியரும் துணிந்து வைத்திருக்க மாட்டாத தற்செயல்.

ஃபாஸ்டரின் பயணத்தை உணர்வதற்காக வில்கர்சன் தம் பெற்றோரை உடன் ஏற்றிக்கொண்டு அதே பாலைவனச் சாலையில் காரோட்டிப் பார்த்தார். இரவில் கண் செருகத் தொடங்கியதும் பெற்றோர் கெஞ்சி வண்டியை நிறுத்தச் செய்து, விடுதியில் தங்கவைத்தனர். ஃபாஸ்டருக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. ஒவ்வொரு விடுதியும் ஏதாவது காரணம் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியது. இது செய்தியாளரின் பழக்கம். ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பும் ஆய்வாளருக்கு இப்படியொரு பயணம் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

இந்நூலுக்குத் தேசிய நூல் விமர்சகர் வட்டத்தின் விருது கிடைத்தது. ஆனால் ஃபாஸ்டர் 1997இலும் ஸ்டார்லிங் 1998இலும் ஐடா மே 2004இலும் இறந்துவிட்டனர். அச்சிட்ட நூலை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. பதினைந்து ஆண்டு உழைப்பு என்று நாம் எளிதாகப் பாராட்டிவிடுகிறோம். அதன் விலை இதுவும்தான்.

கூர்முனை எழுதியது:

முதல் நூலைப் பற்றிய பாராட்டில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. இருப்பினும் 1,200 பேரைச் சந்தித்து மூவரைத் தேர்ந்தெடுப்பது என்பதே ஒரு வாதம் என்பதை மறந்துவிடக் கூடாது. மூவரும் துணிந்து கிளம்பியவர்கள், ஏதோ ஒரு வகையில் நிலைபெற்றவர்கள், தம் கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்தவர்கள். தெற்கிலேயே தங்கி அங்கேயே போராடியவர்களும், சென்று தோற்றுத் திரும்பியவர்களும் அந்த ஒளிவட்டத்திற்கு வெளியே நிற்கிறார்கள். இதே பெயர்வைப் பற்றி 1991இல் நூல் எழுதிய நிக்கலஸ் லெமனும் இதழியலிலிருந்து வந்தவர், பின்னாளில் கொலம்பியா இதழியல் பள்ளிக்குத் தலைவரானவர். அவருடைய நூலில் கிளார்க்ஸ்டேல் என்ற மிசிசிப்பிச் சிற்றூரும் சிகாகோவும் வருவதோடு, வாஷிங்டனின் கொள்கை வகுப்பாளர்களும் நிறையப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பதற்கு வில்கர்சனே இனிமை. அரசு என்ன செய்தது, செய்யாமல் விட்டது என்பதை அறிய எனக்கு லெமன் தேவைப்பட்டார்.

என் உண்மையான மனக்குறை 'காஸ்ட்' பற்றியது. முதல் நூலில் மனிதர்களிடமிருந்து கருத்துக்குச் சென்ற எழுத்தாளர், இரண்டாவதில் கருத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அதற்குப் பொருந்தும் மனிதர்களைத் தேடிச் செல்கிறார். அமெரிக்கா, இந்தியா, நாஜி ஜெர்மனி ஆகிய மூன்றையும், சாதியமைப்பைத் தாங்குவதாக அவர் சொல்லும் எட்டுத் தூண்கள் என்ற ஒரே சட்டகத்துக்குள் நிறுத்தும்போது வேறுபாடுகள் தேய்ந்துபோகின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து அழித்தொழிப்பில் முடிந்த ஓர் ஆட்சியையும், நூற்றாண்டுகளாக உழைப்பைச் சுரண்டுவதற்காக மனிதர்களை உயிரோடு வைத்துக்கொண்ட ஒரு சமூக அமைப்பையும் ஒரே பெயரால் அழைத்துவிட முடியுமா? அடுத்து, நிலம், கூலி, இலாபம் ஆகியவை நூலில் ஓரமாகவே வருகின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரும் இதே குறையைச் சுட்டினார்கள். இந்தியப் பகுதிகளில் இன்றைய தலித் அரசியல், இயக்கங்கள், கட்சிகள், இலக்கியம் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. அமெரிக்கா தன் முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கான கண்ணாடியாக இந்தியா பயன்படுகிறது.

தொலைநோக்கி எழுதியது:

கூர்முனை அவர்களின் குறைகளில் சிலவற்றை ஏற்கிறேன். ஜெர்மனி பற்றிய பகுதி எனக்கும் நிறைவளிக்கவில்லை. நாஜிச் சட்ட வல்லுநர்கள் 1934இல் கூடி அமெரிக்க இனச் சட்டங்களை ஆராய்ந்தார்கள் என்ற செய்தி மட்டுமே அதில் வலுவாக நிற்கிறது. ஆயினும் சாதியையும் இனத்தையும் ஒப்பிடுவது வில்கர்சன் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய கருத்து என்ற எண்ணம் எழுந்துவிடக் கூடாது. ஜோதிராவ் ஃபுலே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட மனுவின் படிகளைக் கேட்டார். 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில் அமெரிக்காவைச் சேர்ந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தப்பட்டபோது முதலில் திடுக்கிட்டதையும், பின்னர் அதன் உண்மையை உணர்ந்ததையும் 1965இல் தம் தேவாலய உரையொன்றில் சொன்னார்.

கல்விப்புலத்திலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் லாயிட் வார்னர் 1936இலேயே அமெரிக்கத் தெற்கைச் சாதியமைப்பாக விவரித்தார். கறுப்பின மானிடவியலாளர் ஆலிசன் டேவிஸும் அவருடைய துணைவியும், ஒரு வெள்ளை இணையரோடு சேர்ந்து மிசிசிப்பியின் நாட்செஸ் நகரில் தங்கி ஆய்வு செய்து 1941இல் நூல் வெளியிட்டனர். ஒரே ஆய்வுக் குழுவினர் ஊரார் முன் சமமாகப் பழகக்கூட முடியாத நிலையில் அந்த ஆய்வை நடத்தினார்கள். டேவிஸை மறதியிலிருந்து மீட்டதற்காக மட்டுமே 'காஸ்ட்' நூலுக்கு நான் நன்றி சொல்வேன்.

கூர்முனை அவர்கள் எழுப்பும் இலாபம் பற்றிய கேள்வியை 1948இல் கறுப்பினச் சமூகவியலாளர் ஆலிவர் காக்ஸ் இன்னும் கூர்மையாக எழுப்பினார்: இனவெறி முதலாளியத்தோடு பிறந்தது, அதைச் சாதியென்று சொன்னால் அதன் வேர் மறைந்துவிடும் என்றார். ஆனால் காக்ஸின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. இந்தியாவில் ஒடுக்கப்பட்டோர் சாதியை மனமுவந்து ஏற்றுக்கொண்டவர்கள் என்று அவர் நம்பினார். அவர் அதை எழுதியபோது அம்பேத்கரும் பெரியாரும் உயிரோடு, உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க மானிடவியலாளர் ஜெரால்டு பெரெமன் 1960இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைத்தான் மறுத்தார். ஆகவே ஒப்பீடு பிழையென்று தள்ளுவதற்கு நம்மில் யாரும் காக்ஸை அப்படியே துணைக்கழைக்க முடியாது.

வகுப்பறை எழுதியது:

பனையோலை அவர்கள் தொடக்கத்தில் சொன்ன பாதையின் மூன்றாவது பகுதியான பேராசிரியப் பணியை யாரும் தொடவில்லை. வில்கர்சன் பிரின்ஸ்டனில் இதழியல் பேராசிரியராக இருந்தார். அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளைப் பேராசிரியர் இருக்கை வகித்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கதைவடிவ அல்புனைவு எழுத்துக்கான பிரிவுக்குத் தலைமை தாங்கினார். இவையெல்லாம் முதல் நூலின் நீண்ட ஆண்டுகளோடு பின்னியவை. நாளிதழ்ச் சம்பளம் நின்ற பிறகு, வெளியீட்டாளர் தரும் முன்பணத்தையும் கக்கன்ஹைம் போன்ற நல்கைகளையும் கொண்டு பதினைந்து ஆண்டுகளை ஓட்டிவிட முடியாது. அமெரிக்காவில் நீண்ட அல்புனைவு நூல்கள் பல எழுதப்படுவதற்குப் பின்னால் இத்தகைய இருக்கைகள் இருக்கின்றன. தொழில் அனுபவத்தையே தகுதியாக ஏற்று, ஆய்வுப் பட்டம் இல்லாத செய்தியாளரையும் பேராசிரியராக்கும் இதழியல் பள்ளிகளின் வழக்கம் இதற்கு உதவுகிறது.

இதை வெறும் பொருளாதாரமாகவும் நான் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரு கலையைக் கற்பிக்கும்போது, தான் இயல்பாகச் செய்துவந்ததற்குக் காரணம் சொல்ல நேர்கிறது. எந்த மனிதரைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை பேரைச் சந்தித்தால் போதும், நினைவில் பிழை இருக்கும் முதியவரின் கூற்றை எந்த ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பவை வகுப்பில் கேள்விகளாக வந்து நிற்கும். முதல் நூலின் இறுதியில் அவர் தம் முறையை விளக்கும் பக்கங்களில் அந்த ஒழுங்கு தெரிகிறது. குடிபெயர்ந்தவர்கள் வடக்கின் நகரங்களுக்குச் சீர்கேட்டைக் கொண்டுவந்தார்கள் என்ற பழைய கருத்தை, அவர்கள் அங்கேயே பிறந்தவர்களைவிட அதிக அளவில் மணமானவர்களாகவும் வேலையில் இருப்பவர்களாகவும் இருந்தனர் என்று காட்டும் மக்கள்தொகை ஆய்வுகளைக் கொண்டு அவர் மறுப்பது, நிருபரின் கதைக்குள் பேராசிரியர் வந்து அமரும் இடம். லெமனைவிட இவரிடம் அரசியல் குறைவு என்ற கூர்முனை அவர்களின் கருத்துக்கு அந்தப் பக்கங்கள் ஒரு பதில்.

மெய்ப்பு எழுதியது:

'காஸ்ட்' நூலைப் பற்றி ஒரு செய்தியாளராக எனக்குள்ள குழப்பம் வேறு. அதில் அவர் தம் சொந்த அனுபவங்களை நிறையச் சாட்சியாக வைக்கிறார். சிகாகோவின் பெரிய வணிக வீதியில் ஒரு கடையின் மேலாளரைப் பேட்டி காணச் சென்றபோது, தாம் நியூயார்க் டைம்ஸ் நிருபருக்காகக் காத்திருப்பதாகவும் இவரோடு பேச நேரமில்லை என்றும் அவர் விரட்டியடித்த நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று. எதிரே நிற்பவரே அந்த நிருபர் என்பதைக் கடைசிவரை அவர் நம்பவில்லை. 2016 தேர்தல் முடிந்த கையோடு, டிரம்ப் ஆதரவுத் தொப்பி அணிந்து வில்கர்சனின் வீட்டு நிலவறையில் தேங்கிய நீரைப் பார்க்க வந்த குழாய்ப் பணியாளரோடு, இறந்துபோன தாயைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இருவருக்குமிடையே இருந்த இறுக்கம் தளர்ந்தது மற்றொன்று.

முதல் நிகழ்ச்சி நடந்த காலத்தில் அவர் அதை நாளிதழில் எழுதியிருக்க முடியாது. நிருபர் செய்தியாகக் கூடாது என்பது விதி. அந்த விதி நல்லதா கெட்டதா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் அதன் விளைவாக, அமெரிக்காவின் முதன்மையான நாளிதழ் ஒன்றின் பக்கங்களில் அதன் சொந்த நிருபரே எதிர்கொண்ட அவமதிப்பு இடம்பெறாமல் போய், பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலில்தான் வெளிவர முடிந்தது. முதல் நிகழ்ச்சி சான்று என்றால், இரண்டாவது ஆறுதல். ஒரு தனிமனித உரையாடல் கனிந்ததைக் கொண்டு ஓர் அமைப்பின் தீர்வைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது அவர் வழுக்குகிறார். அந்த இடத்தில் நான் கூர்முனை அவர்களின் பக்கம்.

பனையோலை எழுதியது:

வாழ்க்கை வரிசையில் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். 2015இல் கணவரையும் அடுத்த ஆண்டு தாயையும் அவர் இழந்தார். 'காஸ்ட்' அந்த இழப்புகளுக்குப் பின் உருவான நூல். அவா டுவெர்னே 2023இல் இயக்கிய 'ஆரிஜின்' திரைப்படம் நூலின் வாதத்தைவிட அது எழுதப்பட்ட இந்தக் காலத்தையே கதையாக எடுத்துக்கொண்டது. குழாய்ப் பணியாளரிடம் தாயைப் பற்றிப் பேசிய பக்கங்களை அமைப்பின் தீர்வாக நான் வாசிக்கவில்லை. துயரத்தில் இருந்த ஒருவர் எழுதியதாகவே வாசித்தேன். அது நூலின் பலவீனம் என்றால், புரிந்துகொள்ளக்கூடிய பலவீனம்.

மேலும் ஒரு தகவல். 1990களின் பிற்பகுதியில் சிகாகோவில் நடந்த காவல்துறை-குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஐடா மே அமர்ந்திருக்கிறார். பேச வந்தவர் அப்பகுதியின் மாநில மேலவை உறுப்பினரான பராக் ஒபாமா. அறையில் யாரும் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதை முதல் நூல் போகிற போக்கில் பதிவு செய்கிறது. 2016இல் இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களுக்கான தேசியப் பதக்கத்தை வில்கர்சனுக்கு அணிவித்தவரும் அதே ஒபாமாதான்.

கூர்முனை எழுதியது:

துயரத்தின் பெயரால் வாதத்துக்குச் சலுகை தர என்னால் இயலாது, பனையோலை அவர்களே. அந்நூலைப் படித்த பல இலட்சம் பேருக்குச் சாதி பற்றித் தெரிந்தது அந்நூலே என்ற நிலையில், அதன் எட்டுத் தூண்களும் கேள்விக்குரியவை. காக்ஸ் இந்தியாவைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று தொலைநோக்கி அவர்கள் காட்டியது சரி. அதனால் அமெரிக்காவைப் பற்றி அவர் கேட்ட கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஜார்ஜ் ஸ்டார்லிங்கைத் துரத்தியவர்கள் ஆரஞ்சுத் தோட்ட முதலாளிகள். அவர்கள் அஞ்சியது பெட்டிக்குச் சில காசுகள் கூடுதலாகக் கொடுக்க நேரும் என்பதற்காக. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வில்கர்சனின் முதல் நூல்தான். அதே எழுத்தாளர் இரண்டாவது நூலில் அந்தத் தோட்ட முதலாளிகளை ஏன் பின்னுக்குத் தள்ளினார் என்பதை இந்த இழையில் யாராவது விளக்கினால் கேட்கக் காத்திருக்கிறேன்.

தொலைநோக்கி எழுதியது:

விளக்கம் என்று சொல்ல மாட்டேன். ஓர் ஊகத்தை வைக்கிறேன். முதல் நூலில் அவர் கேட்ட கேள்வி, மக்கள் ஏன் வெளியேறினார்கள் என்பது. அதற்கு விடை தேடினால் கூலியும் தோட்டமும் தாமாகவே வந்துவிடும். இரண்டாவதில் அவர் கேட்டது, வெளியேறிய பிறகும் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் அதே தரவரிசை ஏன் பின்தொடர்ந்தது என்பது. ஆரஞ்சுத் தோட்டமே இல்லாத ஊரில், கையில் பணமும் மருத்துவப் பட்டமும் இருந்த ஃபாஸ்டருக்கு ஏன் அறை கிடைக்கவில்லை என்பதற்குத் தோட்ட முதலாளியை மட்டும் வைத்து விடை சொல்ல முடியவில்லை என்று அவர் கருதியிருக்கக் கூடும். ஆனால் விடுதிக்காரருக்கும் ஓர் இலாபக் கணக்கு இருந்தது; கறுப்பினத்தவரைச் சேர்த்தால் மற்ற விடுதி உரிமையாளர்கள் தம்மை ஒதுக்கிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். அந்தக் கணக்கை இரண்டாவது நூல் பின்தொடர்ந்திருந்தால் கூர்முனை அவர்களுக்கும் எனக்கும் இந்த வழக்கே எழுந்திருக்காது.